முதல் விமானம் மெதுவாகப் பறக்கட்டும்

ஆர்சி விமானம், அதாவது ரிமோட்டால் பறக்கும் குட்டி விமானம், கட்ட ஆசைப்படுகிறவர்கள் பலரும் முதலில் தேடி எடுப்பது ஒரு போர் விமானத்தின் வரைபடத்தைத்தான். சுகோய், ரஃபேல், இல்லையென்றால் இரண்டாம் உலகப் போர்க்கால ஸ்பிட்ஃபயர். பார்க்க அம்சமாக இருக்கும். முதல் விமானமாக அதைவிட மோசமான தேர்வு கிடையாது. இறக்கை சின்னது, எடை அதிகம், ஆகவே காற்றில் தங்கவே நல்ல வேகம் வேண்டும். ரிமோட்டின் ஸ்டிக்கை எந்தப் பக்கம் தள்ளுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருப்பவருக்கு அந்த வேகம் அவகாசமே தராது.

"கை தவறிவிட்டது" என்று சொல்லிப் பொறுக்கி எடுக்கப்படும் விமானங்களில் பெரும்பாலானவை கையால் விழுந்தவை அல்ல. எடை, ஈர்ப்பு மையம், மோட்டாரின் கோணம், தலைகீழாக வேலை செய்யும் சர்வோ (வால் பாகங்களை அசைக்கும் சின்ன மோட்டார்) எல்லாம் வீட்டு மேஜையிலேயே முடிவாகிவிட்டவை. அதனால் இங்கே பறக்கவிடுவதைவிடக் கட்டுவதைப் பற்றித்தான் பேச்சு அதிகம்.

எடுத்துக்கொள்ளும் விமானம் இது: உடலுக்கு மேலே இறக்கை; மோட்டார், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர், இடம் வலம் திருப்பும் ரடர் என மூன்றே கட்டுப்பாடுகள். இறக்கையில் இருந்து விமானத்தைச் சாய்க்கும் ஐலரான் கிடையாது. இறக்கை முனைக்கு முனை 110 செ.மீ., அகலம் 20 செ.மீ.; பரப்பு 22 சதுர டெசிமீட்டர். பேட்டரி உட்படப் பறக்கத் தயாரான எடை 600 கிராம். அதாவது ஒரு சதுர டெசிமீட்டர் இறக்கை சுமப்பது 27 கிராம். இதைத்தான் விங் லோடிங் என்கிறோம். இது 30க்குள் இருந்தால் விமானம் சாது. இந்த எடையில் மணிக்குச் சுமார் 23 கி.மீ. வரை வேகத்தைக் குறைத்தாலும் இறக்கை தாங்கும். அதே விமானம் 1 கிலோ ஆகிவிட்டால் 30 கி.மீ.யிலேயே ஸ்டால் ஆகிவிடும், அதாவது தாங்கும் சக்தியை இழந்து மூக்கைக் கவிழ்க்கும். 7 கி.மீ. என்பது சின்ன வித்தியாசமாகத் தெரியலாம். ஆனால் மோதும் ஆற்றல் எடையோடும், வேகத்தின் வர்க்கத்தோடும் பெருகுவதால், அந்த 1 கிலோ விமானம் தரையில் இறங்கும்போது கிட்டத்தட்ட 2.8 மடங்கு ஆற்றலோடு இடிக்கும். 600 கிராம் விமானம் சக்கரம் கழன்றதோடு தப்பும். 1 கிலோ விமானம் மோட்டார் மவுண்ட்டையும் பெயர்த்துக்கொண்டு போகும்.

எடை எங்கிருந்து கூடுகிறது? பெரும்பாலும் கடையிலிருந்து. வெளிநாட்டு வீடியோக்களில் ஃபோம் போர்டு என்று சொல்வதைக் கேட்டுவிட்டு ஸ்டேஷனரிக் கடையில் கேட்டால், சன்போர்டை எடுத்துத் தருவார்கள். அது பிவிசி. விளம்பரப் பலகைக்கானது. 5 மி.மீ. கனத்தில் ஒரு சதுர மீட்டர் 2 கிலோவைத் தாண்டும். நமக்கு வேண்டிய டெப்ரான் அல்லது அதுபோன்ற எக்ஸ்பிஎஸ் (மணியில்லாத பாலிஸ்டைரின் ஃபோம்) ஷீட் அதே கனத்தில், அதே பரப்பில் 200 கிராம் அளவில்தான் இருக்கும். இந்த விமானத்துக்கு மொத்தம் சுமார் 0.7 சதுர மீட்டர் ஷீட் தேவை. கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ஒன்றில் 140 கிராம், மற்றதில் ஒன்றரைக் கிலோ. சன்போர்டில் கட்டிய விமானம் எழும்பவில்லை என்று பெரிய மோட்டார் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பாவம், காசுதான் வீண். பாக்கிங்கில் வரும் வெள்ளைத் தெர்மோகோல் எடை குறைவுதான், ஆனால் மணிமணியாக உதிரும், வளைத்தால் உடையும். மெல்லிய பாகங்களுக்கு ஆகாது.

ஷீட்டை வெட்டப் புது பிளேடு போட்ட கட்டர் வேண்டும். மழுங்கிய பிளேடு ஃபோமை வெட்டாது, பிய்க்கும். ஒரே அழுத்தில் வெட்டாமல் இரண்டு மூன்று முறை லேசாக இழுத்தால் விளிம்பு சுத்தமாக வரும்.

பசை விஷயத்தில் ஒரு தவறுக்கு மன்னிப்பே கிடையாது. சாதாரண இன்ஸ்டன்ட் கம் டெப்ரானைக் கரைத்துவிடும். தொட்ட இடத்தில் குழி விழும். ரப்பர் பசைகளில் பலவற்றிலும் இதே கதைதான், அவற்றில் இருக்கும் டொலுயீன் காரணம். ஃபோமுக்கென்றே விற்கும் பசையை வாங்குங்கள். எதுவானாலும் முதலில் ஒரு துண்டில் தடவிப் பாருங்கள். வெள்ளைப் பசை கரைக்காது, ஆனால் இரண்டு ஃபோம் பரப்புகளுக்கு நடுவே காற்றே புகாததால் மறுநாளும் ஈரமாகவே கிடக்கும். ஹாட் குளூ வேகமாக ஒட்டும், ஆனால் கனம். ஒரு முழுக் குச்சி தாராளமாக 10 கிராம் வரும், ஐந்து குச்சி தீர்த்தால் 50 கிராம். அதோடு சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் வைத்தால் இளகிவிடும். மோட்டார் மவுண்ட்டை அதை நம்பி விடக்கூடாது. அங்கே 5 நிமிட எபாக்ஸி, மற்ற இடங்களில் ஃபோம் பசை என்று வைத்துக்கொள்வது நல்லது.

இறக்கைக்குச் சுலபமான வடிவம் படி வைத்த இறக்கை. ரிச்சர்ட் கிளைனும் ஃபிளாய்டு ஃபோகல்மேனும் காகித விமானத்தில் சோதித்து, 1972இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற யோசனை அது. செய்வது எளிது: 20 செ.மீ. அகலமுள்ள அடி ஷீட்டின் மேல், முன்விளிம்போடு பொருந்தும்படி 10 செ.மீ. அகலத்தில் இன்னொரு ஷீட்டை ஒட்டினால் போதும். பாதி அகலத்தில் ஒரு படி விழும். முன்விளிம்பை மட்டும் உப்புத்தாளால் உருண்டையாகத் தேய்க்க வேண்டும். ஆள் ஏறும் நிஜ விமானங்களில் இது எடுபடவில்லை. இந்த அளவில், இந்த வேகத்தில் திருப்தியாகவே பறக்கும், ஸ்டாலும் மென்மையாக வரும். எந்த வளைவையும் செதுக்க வேண்டாம் என்பதுதான் இதன் பெரிய லாபம்.

படிக்குக் கீழே, அடி ஷீட்டில் பள்ளம் கீறி 6 மி.மீ. கார்பன் குழாயைப் புதைக்க வேண்டும். இறக்கை நடுவில் லேசான வி வடிவில் மேல்நோக்கி வளைவதால் ஒரே குழாய் போட முடியாது. இரண்டு குழாய்களை நடுவில் சந்திக்க வைத்து, 3 மி.மீ. பிளைவுட்டில் வி வடிவில் வெட்டிய 15 செ.மீ. துண்டோடு நூலால் சுற்றி எபாக்ஸி பூச வேண்டும். இறக்கை மடிந்து விழுவது எப்போதும் இந்த நடு இணைப்பில்தான். கட்டி முடித்ததும் இரண்டு முனைகளை விரல்களால் தாங்கி, நடுவில் ஒன்றரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். மேஜையில் முறிந்தால் நஷ்டம் நூறு இருநூறோடு போகும்.

அந்த வி வளைவுக்கு டைஹெட்ரல் என்று பெயர். ஐலரான் இல்லாத விமானம் திரும்புவதே இதை நம்பித்தான். ரடரை வலப்பக்கம் திருப்பினால் மூக்கு வலப்பக்கம் போகும். இடது இறக்கை காற்றைச் சற்று அதிகக் கோணத்தில் சந்தித்து மேலே எழும். விமானம் வலப்பக்கம் சாயும். ஸ்டிக்கை விட்டால் மெல்லத் தானாகவே நிமிரும். பக்கத்துக்கு 5 டிகிரி போதும். கோணமானி தேவையில்லை: ஒரு பாதியை மேஜையில் தட்டையாக அழுத்தி வைத்து, மற்ற பாதியின் முனை மேஜையிலிருந்து 9.5 செ.மீ. உயரும்படி புத்தகங்களை அடுக்கி ஒட்டினால் சரியாக வரும். இதில் கஞ்சத்தனம் காட்டி 2 டிகிரி வைத்தால், ரடரைத் திருப்பியும் விமானம் மூக்கை மட்டும் ஆட்டிக்கொண்டு நேராகப் போகும். தொடக்ககால வானொலி விமானங்களும் இந்த வழியில்தான் பறந்தன. 1937இல் அமெரிக்காவின் மிச்சிகனில் குட் சகோதரர்கள் பறக்கவிட்ட 'கஃப்' விமானத்துக்கு அனுப்ப முடிந்த கட்டளைகள் சொற்பம். மீதியை விமானமே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வாலின் கிடைத்தளம் இறக்கைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலே இருக்கட்டும்: 45 செ.மீ. நீளம், 11 செ.மீ. அகலம், அதில் பின்பக்கம் 3.5 செ.மீ. எலிவேட்டர். நிமிர்ந்த தளம் சுமார் 2 சதுர டெசிமீட்டர், அதில் பாதியோ சற்றுக் குறைவோ ரடர். இறக்கைக்கும் வாலுக்கும் இடையே 50 செ.மீ. தூரம். கீல் போடத் தனிச் சாமான் வேண்டாம். விளிம்பை 45 டிகிரியில் சீவி, நார் கலந்த நல்ல டேப்பை மேலே ஒட்டினால் போதும்.

வாலில் ஒட்டும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் வட்டி கட்ட வேண்டும். வால், ஈர்ப்பு மையத்திலிருந்து 50 செ.மீ. பின்னால், மூக்கு 20 செ.மீ. முன்னால். வாலில் 10 கிராம் கூடினால், சமன்செய்ய மூக்கில் 25 கிராம் வைக்க வேண்டும். மொத்தம் 35 கிராம். வாலுக்கு பெயிண்ட் அடிப்பதும், வால் சக்கரம் வைப்பதும், சர்வோவைப் பின்னால் கொண்டுபோவதும் இந்தக் கணக்குத் தெரியாமல் செய்கிற ஆடம்பரங்கள். 9 கிராம் சர்வோ இரண்டையும் இறக்கைக்கு நேர் கீழே வைத்து, 1.2 மி.மீ. எஃகுக் கம்பியை வால்வரை ஓடவிடுங்கள். கம்பி வளையாமலிருக்க 15 செ.மீ.க்கு ஒரு இடத்தில் ஸ்ட்ரா துண்டு ஒட்டி அதன் வழியே விட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் இழுக்கும்போது எலிவேட்டர் சரியாக ஏறும், தள்ளும்போது கம்பி வில்லாக வளைந்து எலிவேட்டர் அசையாது. தரையில் கவனத்துக்கு வராத கோளாறு இது. காற்றின் அழுத்தம் வந்த பிறகுதான் தெரியும்.

மோட்டார், 2212 அளவில் 1000 கேவி. கேவி என்பது சுமையில்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு. 3 செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் 11.1 வோல்ட்டில் 11,100 சுற்று. 10×4.5 (10 அங்குல விட்டம், 4.5 அங்குலப் பிட்ச்) புரொப்பல்லரோடு 700 கிராமுக்கு மேல் இழுக்கும். முழு திராட்டிலில், அதாவது மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டால், 15 ஆம்பியர் அளவில் குடிக்கும். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி 30 ஆம்பியரில் போட்டால் சூடாகாமல் ஓடும். இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் தலைகீழாகச் சுற்றினால், மூன்று வயர்களில் ஏதாவது இரண்டை மாற்றிச் செருகினால் சரியாகிவிடும். புரொப்பல்லரில் அளவு எழுதியிருக்கும் முகம் விமானம் போகும் திசையைப் பார்க்க வேண்டும். பின்முன்னாக மாட்டினாலும் காற்று பின்னால்தான் வரும், சத்தமும் நன்றாகவே கேட்கும். ஆனால் இழுவை வெகுவாகக் குறைந்து, எறிந்த விமானம் நேரே புல்லில் போய் உட்காரும்.

மோட்டாரை நேராகப் பார்த்தபடி மாட்டக்கூடாது. கீழ்நோக்கி 2 டிகிரி, வலப்பக்கம் 2 டிகிரி. மேலே இறக்கை உள்ள விமானத்தில் திராட்டிலைக் கூட்டினால் மூக்கு வானத்தைப் பார்க்கும்; கீழ்க்கோணம் அதை அடக்கும். வலக்கோணம், புரொப்பல்லர் சுற்றுவதால் விமானம் இடப்பக்கம் இழுபடுவதைச் சரிக்கட்டும். பின்னாலிருந்து பார்க்கும்போது மவுண்ட்டின் மேல்பக்கமும் இடப்பக்கமும் உள்ள போல்ட்டுகளுக்கு அடியில் 1 மி.மீ. வாஷர் வைத்தால் ஏறத்தாழ இந்தக் கோணங்கள் கிடைத்துவிடும். இறக்கையையும் உடலோடு 2 டிகிரி ஏற்றி வைக்க வேண்டும்: முன்விளிம்பு பின்விளிம்பைவிட 7 மி.மீ. உயரம்.

பேட்டரி 3 செல், 1500 மில்லி ஆம்பியர்-மணி, சுமார் 130 கிராம். 2200க்கு ஆசைப்பட்டால் 50 கிராம் கூடும். சராசரியாக 7 ஆம்பியர் எடுத்தால், 80 சதவீதம் தீர 10 நிமிடம் ஆகும். ரிமோட்டில் டைமரை 7 நிமிடத்துக்கு வையுங்கள். இரண்டு முறை இறங்கத் தவறினாலும் மூன்றாவதற்கு மின்சாரம் மிச்சமிருக்கும்.

ஈர்ப்பு மையம் இறக்கை அகலத்தில் 25 முதல் 30 சதவீதத்துக்குள், அதாவது முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6 செ.மீ.க்குள். 5.5 செ.மீ.யில் இறக்கையின் அடியில் இரண்டு பக்கமும் புள்ளி வைத்து, அந்தப் புள்ளிகளில் விரல்நுனியால் தூக்கினால் விமானம் கிடையாகவோ, மூக்கு இம்மி தாழ்ந்தோ நிற்க வேண்டும். பேட்டரியை முன்பின் நகர்த்தித்தான் இதைச் சரிசெய்வது. ஆகவே பேட்டரி அறையை 10 செ.மீ.யாவது நகர இடம்விட்டுக் கட்டுங்கள். மூக்கு கனத்த விமானம் சோம்பேறியாகப் பறக்கும், அவ்வளவுதான். வால் கனத்தது ஸ்டிக் தொட்டதற்கெல்லாம் துள்ளி, ஸ்டால் ஆகி, திரும்பவே பறக்காது. சந்தேகம் வந்தால் மூக்கில்தான் கூட்ட வேண்டும்.

6 சேனல் ரிமோட் ஒன்று போதும்; ஒரு கட்டுப்பாட்டுக்கு ஒரு சேனல். ரடரின் சர்வோவை ரிசீவரின் (விமானத்தில் சிக்னல் வாங்கும் பெட்டி) ரடர் சேனலில் செருகாமல் 1ஆம் சேனலில், ஐலரான் இருக்க வேண்டிய இடத்தில் செருகுங்கள். அப்போது வலது ஸ்டிக்கே திரும்புவதையும் ஏறி இறங்குவதையும் பார்த்துக்கொள்ளும். பிறகு ஐலரான் விமானத்துக்கு மாறும்போது கைப்பழக்கம் அப்படியே உதவும். விமானத்தின் பின்னால் நின்று சோதனை: ஸ்டிக் வலம் என்றால் ரடரின் பின்விளிம்பு வலம், ஸ்டிக்கை நம் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே. இதை ஒவ்வொரு பேட்டரி மாற்றத்துக்கும் செய்ய வேண்டும். எலிவேட்டர் மேலும் கீழும் 12 மி.மீ., ரடர் இருபுறமும் 25 மி.மீ. நகர்ந்தால் போதும். அதற்கு மேல் நகர்ந்தால் சர்வோ பக்கம் உள் துளைக்கும், வால் பக்கம் வெளித் துளைக்கும் கம்பியை மாற்றுங்கள். ஸ்டிக்கின் நடுப்பகுதி அசைவை மென்மையாக்கும் எக்ஸ்போவை 30 சதவீதம் வையுங்கள். சில ரிமோட்டில் கூட்டல் குறி மென்மையாக்கும், சிலவற்றில் கழித்தல் குறி, ஆகவே திரையில் கோட்டின் நடுப்பகுதி தட்டையாவதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் அமைத்து, புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். ரிசீவரின் இரண்டு ஆண்டெனாக்களையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, கார்பன் குழாயிலிருந்து விலக்கி ஒட்ட வேண்டும், கார்பன் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மறைக்கும்.

வெள்ளை டெப்ரான் மேகத்தில் காணாமல் போய்விடும். இறக்கையின் அடியில் அகலமாகக் கறுப்புப் பட்டைகள், மேலே சிவப்பு. மேலும் கீழும் வேறுவேறாக இருந்தால்தான் விமானம் நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று புரியும். பெயிண்ட் வேண்டாம், கலர் டேப் போதும். ஸ்ப்ரே பெயிண்ட்டும் ஃபோமைத் தின்னும்.

இடத்துக்கு வருவோம். அறுவடை முடிந்த வயல், வற்றிய ஏரி இரண்டும் அருமையான ஓடுபாதைகள். மின்கம்பி, பனைமரம், மாடு இல்லாத திசையாகப் பார்க்க வேண்டும். இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகள் ஆர்சி விமானத்துக்கும் பொருந்தும். எடைப்படி இது 250 கிராமுக்கு மேல், 2 கிலோவுக்குள் உள்ள மைக்ரோ வகை. அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில், முன் அனுமதி வேண்டாத பச்சை மண்டலமா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கும் உச்சவரம்பு 400 அடி. காலை 6 முதல் 8 வரை காற்று அசையாது. வெயில் ஏறியதும் தரையிலிருந்து எழும் சூடான காற்று 600 கிராம் விமானத்தைத் தூக்கிப் போடும். சென்னைப் பக்கம் பின்னாலேயே கடற்காற்றும் வந்துவிடும். ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஸ்டால் வேகம் 12 சதவீதம் ஏறும், ஆகவே சமவெளியில் சாதுவாக இருந்தது அங்கே சற்று முரடாகத் தெரியும்.

எறிகிறவர் ஒருவர், ரிமோட் பிடிப்பவர் ஒருவர் என இருப்பது நல்லது. முக்கால் திராட்டில், காற்றுக்கு எதிராக, கிடையாக ஒரு தள்ளு. மேல்நோக்கி எறிவதுதான் பொதுவான பிழை. வேகம் கிடைக்குமுன் மூக்கு தூக்கியதால் விமானம் அங்கேயே ஸ்டால் ஆகும். 30 மீட்டர் ஏறிய பிறகு பாதி திராட்டிலுக்கு இறக்கி, ஸ்டிக்கை விட்டாலும் நேராகப் போகும்படி டிரிம் செய்யுங்கள். திரும்பும்போது ரடரோடு சிறிது எலிவேட்டரும் இழுக்க வேண்டும், ஏனென்றால் சாய்ந்த இறக்கையின் தூக்குவிசையில் ஒரு பகுதி பக்கவாட்டில் போய்விடுகிறது. 60 டிகிரி சாய்ந்தால் விமானத்தின் எடை இரண்டு மடங்கானதுபோல் ஆகி, ஸ்டால் வேகம் 41 சதவீதம் கூடும். இறங்கும்போது மெதுவாக, தாழ்வாக, இறுக்கித் திருப்புகிறவர்கள் விழுவது இதனால்தான். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடம் வலம் குழம்பும்; தாழ்ந்திருக்கும் இறக்கையின் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளினால் நிமிர்ந்துவிடும். இந்த ஒன்றை மட்டும் சிமுலேட்டரில் பத்து மணி நேரம் பழகிவிட்டு வயலுக்குப் போவது, இரண்டு விமானத்துக்கான ஃபோமை மிச்சப்படுத்தும்.

உயரத்தில் ஈர்ப்பு மையத்தை ஒருமுறை சோதிக்கலாம். திராட்டிலை மூடி, 45 டிகிரி மூக்கைக் கவிழ்த்து, ஸ்டிக்கை விடுங்கள். சட்டென்று நிமிர்ந்து ஏறினால் மூக்கு கனம். பேட்டரியை 5 மி.மீ. பின்னால் நகர்த்தலாம். மேலும் மேலும் செங்குத்தாகக் கவிழ்ந்தால் வால் கனம். உடனே இறக்கிப் பேட்டரியை முன்னால் தள்ளுங்கள். மெல்ல நிமிர்வதே வேண்டியது.

வீடு திரும்பியதும் பேட்டரியைக் கவனியுங்கள். பறந்து முடித்த செல் ஓய்வில் 3.6 வோல்ட்டுக்குக் கீழே போயிருக்கக்கூடாது. முழுதாக ஏற்றியது 4.2. மறுநாள் பறக்கப்போவதில்லை என்றால் சார்ஜரின் ஸ்டோரேஜ் முறையில் 3.8 வோல்ட்டுக்குக் கொண்டுவந்து வையுங்கள். 1500க்கு 1.5 ஆம்பியரில் சார்ஜ், செல்களைச் சமமாக ஏற்றும் பேலன்ஸ் வயரையும் மாட்டி, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். உப்பியதை மறுபடி சார்ஜ் போடக்கூடாது.

இந்த விமானம் பழகிவிட்டால் உடலை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்துக்கு 1 டிகிரி மட்டும் டைஹெட்ரல் வைத்த இன்னொரு இறக்கையை ஐலரானோடு கட்டலாம். ஒவ்வொரு ஐலரானும் 25 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம். ரடர் இப்போது தன் சொந்தச் சேனலுக்குப் போகும். கீழே இறங்கும் ஐலரான் அதிகக் காற்றுத் தடையைத் தருவதால் மூக்கு எதிர்ப்பக்கம் இழுபடும். அதனால் ஐலரான் ஒவ்வொன்றும் மேலே 12 மி.மீ., கீழே 7 மி.மீ. மட்டும் போகும்படி வைக்க வேண்டும்.